பம்ப்கின் பட்டர் கலந்த காபி: எந்தக் கோளாறுக்கு என்ன கைவைத்தியம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் செப்டம்பர் பிறந்தால் போதும், கடை அலமாரிகளில் பம்ப்கின் பட்டர் பாட்டில்கள் வந்துவிடும். பெயரில்தான் பட்டர். வெண்ணெய் ஒரு துளியும் கிடையாது. பரங்கிக்காய் மசியலோடு சர்க்கரை, ஆப்பிள் சாறு, பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் சேர்த்து, தண்ணீர் வற்றி அல்வாப் பதத்துக்குச் சற்று முன்னால் இறக்கிய விழுது அது. ரொட்டியில் தடவுவதற்கென்று செய்தது. காபியிலும் அருமையாகப் பொருந்தும். ஆனால் கலக்கும் விதம் தெரியாமல் கலந்தால் பால் திரியும், கட்டி மிதக்கும், அடியில் மண்டி தங்கும்.

இந்தக் கோளாறுகளில் முக்கால்வாசிக்கும் காரணம் ஒன்றுதான்: விழுதைச் சிரப் என்று நினைத்துக்கொள்வது. காபிக் கடைகளில் ஊற்றுவது சிரப், அது கரையும். விழுது கரையாது, பரவத்தான் செய்யும். அதற்குள் காயின் நார் இருக்கிறது, ஜாமை இறுகவைக்கும் பெக்டின் இருக்கிறது, கரையாத மசாலாத் தூள் இருக்கிறது, ஆப்பிள் சாற்றின் புளிப்பும் இருக்கிறது. ஒவ்வொன்றும் கோப்பையில் தனித்தனியாகத் தொல்லை கொடுக்கும். எந்தத் தொல்லை என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

முதலில் அடிப்படை அளவு. கீழே சொல்லும் திருத்தம் எல்லாம் இதை வைத்துத்தான்.

விழுது 1 மேசைக்கரண்டி (ஏறக்குறைய 20 கிராம்), எஸ்பிரெஸ்ஸோ அல்லது கெட்டி டிகாக்‌ஷன் 60 மி.லி., பால் 150 மி.லி., உப்பு ஒரு சிட்டிகை. நம் ஃபில்டரில் போடுவதானால் 3 மேசைக்கரண்டி தூளுக்கு 150 மி.லி. கொதிநீர் விட்டு இறக்கும் முதல் டிகாக்‌ஷன் சரியாக இருக்கும். விழுதைக் கோப்பையின் அடியில் போட்டு, அதன் மேல் ஒரே ஒரு கரண்டி சூடான டிகாக்‌ஷன் விட்டுக் குழைத்து, பிறகு மீதி டிகாக்‌ஷன், கடைசியில் பால். இந்த வரிசை மாறினாலே பாதிப் பிரச்சினை வந்துவிடும்.

பால் திரிந்துபோகிறது

அதிகம் பேரைத் துரத்துவது இதுதான். காரணம் ஒன்றல்ல என்பதால் மூன்று சிறு சோதனைகள் செய்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கால் கோப்பை போதும்.

முதல் கோப்பையில் காபியும் பாலும் மட்டும். இரண்டாவதில் சூடான பாலும் விழுதும் மட்டும். மூன்றாவதில் மூன்றும்.

முதல் கோப்பையே திரிந்தால் விழுதின் மேல் பழி போடாதீர்கள். ஒன்று பால் பழசாகி உள்ளுக்குள் புளிக்கத் தொடங்கியிருக்கும், இல்லையென்றால் காபி லேசாக மட்டும் வறுத்த, புளிப்பு தூக்கலான வகையாக இருக்கும். புளிப்பை அளக்கும் பி.எச். எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும்; பாலுக்கு அது 6.6 அல்லது 6.7. கருங்காபி 5-ஐ ஒட்டி இருக்கும். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் 4.6-க்கு இறங்கும்போது திரளும். ஆனால் சூடு ஏற ஏற அவ்வளவு இறங்கும் வரை அது காத்திருக்காது. அதனால்தான் ஆறிய நிலையில் ஒழுங்காக இருந்த பால் கொதிக்கும் காபியில் விழுந்ததும் திரிகிறது. நடுத்தரமாகவோ அதற்கும் கருப்பாகவோ வறுத்த தூளுக்கு மாறுங்கள், புதுப் பால் வாங்குங்கள்.

இரண்டாவது கோப்பை திரிந்தால் குற்றவாளி விழுதுதான். பாட்டிலின் பொருள் பட்டியலில் எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சைடர் வினிகர், சிட்ரிக் அமிலம் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு மேசைக்கரண்டி விழுதில் ஒரு சிறு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டுக் கலக்குங்கள். லேசாக நுரைத்து அடங்கும். அதன் பிறகு பாலில் சேர்த்தால் திரியாது. சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், கவனம்.

வீட்டில் செய்த விழுது என்றால் இன்னும் இரண்டு சந்தேகங்கள் உண்டு. பச்சை இஞ்சியைத் துருவிக் கடைசியில் சேர்த்தீர்களா? பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. இஞ்சி டீ போடும்போது இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு அப்புறம் பால் சேர்ப்பதும் அதனால்தான். கொதித்தால் நொதி செத்துப்போகும். எனவே ஒன்று இஞ்சியை ஆரம்பத்திலேயே போட்டு விழுதோடு வேகவிடுங்கள், இல்லையென்றால் சுக்குப் பொடிக்கு மாறுங்கள். எங்கள் தேர்வு சுக்குதான். சுக்குக் காபி குடித்துப் பழகிய நாக்குக்கு அந்தக் காரம் காபியோடு சேரும் விதம் புதிதல்ல. அடுத்த சந்தேகம் வெல்லம். பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ கருப்பட்டியோ போட்டால் ருசி தூக்கலாகத்தான் இருக்கும், ஆனால் கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் என்ன ஆகும் என்பது பாயசம் வைப்பவர்களுக்குத் தெரியும். அப்படிச் செய்த விழுதுக்குப் பாலை 60 டிகிரிக்கு மேல் சுட வைக்காதீர்கள். கையால் தொட்டால் நன்றாகச் சுட வேண்டும், ஆனால் ஆவி பறக்கக் கூடாது. அதுதான் அளவு.

முதல் இரண்டும் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் திரிகிறதென்றால், காபியின் புளிப்பும் விழுதின் புளிப்பும் கூட்டுச் சேர்ந்து எல்லையைத் தாண்டுகின்றன. டிகாக்‌ஷனில் விழுதைக் குழைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, பாலை மெல்லிய தாரையாகக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

பாதாம் பால், சோயா பால் ஊற்றுபவர்களுக்குத் திரிதல் இன்னும் சீக்கிரம் வரும். அட்டையில் 'பாரிஸ்டா' என்று போட்டிருக்கும் வகைகளில் புளிப்பைத் தாங்கும் உப்புகள் பொதுவாகச் சேர்த்திருப்பார்கள், அவற்றை வாங்குங்கள். ஓட்ஸ் பால் அதிகம் அடம்பிடிக்காது.

கட்டி கட்டியாக மிதக்கிறது

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த விழுதை நேரே கோப்பை நிறைய இருக்கும் காபியில் போட்டால் இப்படித்தான் ஆகும். குளிரில் பெக்டின் இறுகியிருக்கும். மேல்பரப்பு மட்டும் சூடு கண்டு வழுக்கிக்கொண்டு ஓடும், உள்ளே உடையாது. ஹார்லிக்ஸ் கலக்கும்போது டம்ளரில் முதலில் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் குழைக்கிறோமே, அதே கைப்பக்குவம்தான் இங்கும். ஒரு கரண்டி டிகாக்‌ஷன், இருபது விநாடி குழைப்பு, அப்புறம் மீதி. ஏற்கெனவே கட்டி விழுந்துவிட்டதா? பேட்டரியில் ஓடும் ஃப்ரோதர் என்ற சிறு நுரைக் கருவியைப் பத்து விநாடி விடுங்கள். மிக்ஸியில் அடிப்பதானால் ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், மூடியை இறுக்கி மூடாமல் ஒரு துணியை மேலே அழுத்திப் பிடியுங்கள். சூடான திரவம் ஆவியின் அழுத்தத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வரும்.

அடியில் மண்டி, கடைசி வாய் வழவழப்பு

மண்டி வேறு, வழவழப்பு வேறு. பொடிமசாலா எவ்வளவு நைசாக இருந்தாலும் கரையாது, நேரமானால் தங்கும். வழவழப்பு பட்டைத் தூளின் வேலை. வட அமெரிக்காவில் சின்னமன் என்று விற்பது பெரும்பாலும் கேசியா வகை. அந்தத் தூள் தண்ணீரில் ஊறினால் சளி போல இழுக்கும். காபியைப் பத்து நிமிடம் வைத்திருந்து குடிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இலங்கையில் விளையும் மெல்லிய சுருள் பட்டையில் இந்தத் தொல்லை குறைவு, மணமும் நயமானது.

கடையில் வாங்கிய விழுதானால்: மூன்று மேசைக்கரண்டி கொதிக்கும் டிகாக்‌ஷனில் குழைத்து, டீ வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் அழுத்தி வடித்துவிடுங்கள். சற்று மெலிதாகும், ஆனால் கடைசிச் சொட்டு வரை சுத்தமாக இருக்கும்.

வீட்டில் செய்வதானால் பொடியே வேண்டாம். ஒரு விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு நான்கு, இரண்டாக உடைத்த சுக்குத் துண்டு ஒன்று, இவற்றை மெல்லிய துணியில் முடிந்து விழுதோடு கொதிக்கவிட்டு, இறக்கும்போது பிழிந்து எடுத்துவிடுங்கள். ஜாதிக்காய் மட்டும் அடுப்பை அணைத்த பிறகு ஒரு சீவல். காபிக்கென்று செய்பவர்கள் எல்லோரும் இந்த முறைக்கு வந்துவிடலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ரொட்டிக்குச் செய்யும் விழுதுக்குத் தூள் பரவாயில்லை.

மணமே தெரியவில்லை

இரண்டு கரண்டி, மூன்று கரண்டி என்று விழுதைக் கூட்டிக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு மேசைக்கரண்டியைத் தாண்டினால் அது காபி இல்லை, கூழ்.

பரங்கிக்காய்க்குத் தனியாகப் பெரிய மணம் கிடையாது. பம்ப்கின் மணம் என்று மக்கள் சொல்வது உண்மையில் பட்டை, ஜாதிக்காய், கிராம்பின் மணம். ஸ்டார்பக்ஸ் 2003-ல் சோதித்துப் பார்த்து அறிமுகப்படுத்திய பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டேயில் காயே இல்லை. 2015-ல்தான் மசியலைச் சேர்த்தார்கள். அதுவரை குடித்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறை தெரியவில்லை. காய் தருவது மணமல்ல. நாக்கில் தங்கும் கெட்டித்தன்மையும் மெல்லிய இனிப்பும்தான் அதன் பங்கு.

ஆகவே மணத்தைக் கூட்ட வேண்டுமானால் மசாலாவை எழுப்புங்கள். சிறு கரண்டியில் அரைத் தேக்கரண்டி வெண்ணெய் உருகியதும் ஒரு சிட்டிகைப் பட்டைத் தூளும் துளி ஜாதிக்காய்த் தூளும் போட்டுப் பத்து விநாடி, உடனே ஒரு மேசைக்கரண்டி விழுதைச் சேர்த்துப் புரட்டி இறக்கினால் கோப்பையின் முகமே மாறிவிடும். தாளிப்பின் அதே நியாயம்: மசாலா மணம் கொழுப்பில்தான் பிரியும். கொழுப்பு நீக்கிய பாலில் இந்தக் காபி சப்பென்று இருப்பதற்கும் காரணம் அதுதான். 3.25 சதவீதக் கொழுப்புள்ள முழுப்பால் ஊற்றிப் பாருங்கள். உப்புச் சிட்டிகையை மறந்திருந்தால் அதையும் போடுங்கள். உப்பு இல்லாத பம்ப்கின் காபி சளசளவென்று இருக்கும்.

மசாலாப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். போன வருடத் தூளுக்கு எந்தத் தாளிப்பும் உயிர் தராது.

பச்சைக் காய் வாசனை அடிக்கிறது

விழுது வேகவில்லை. அல்லது பாட்டிலில் இருப்பது விழுதே அல்ல, வெறும் மசியல். டின்களில் விற்பது மூன்று வகை: சுத்தமான மசியல், பம்ப்கின் பை என்ற இனிப்புப் பண்டத்துக்காகச் சர்க்கரையும் மசாலாவும் கலந்த பூரணம், பம்ப்கின் பட்டர். முதல் இரண்டையும் அப்படியே காபியில் கலந்தால் பச்சை வாசனைதான் வரும்.

சரியாகச் செய்யும் முறை இது. 425 கிராம் டின் மசியல் ஒன்று, ஆப்பிள் சாறு 120 மி.லி., பழுப்புச் சர்க்கரை 100 கிராம், உப்பு கால் தேக்கரண்டி. அகலமான அடிகனமான பாத்திரத்தில் முதலில் மசியலை மட்டும் போட்டு நடுத்தரத் தீயில் ஆறேழு நிமிடம் வதக்குங்கள். நிறம் ஒரு படி கருத்து, வறுத்த வாசனை வரும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதுதான் பல வீடுகளில் பச்சை வாசனைக்குக் காரணம். பிறகு சாறு, சர்க்கரை, மசாலா முடிச்சு எல்லாம் சேர்த்து, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அது மூன்று விநாடி மூடாமல் நிற்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள். கெட்டியானதும் வெடித்துத் தெறிக்கும், கையில் பட்டால் கொப்பளித்துவிடும்.

டின் கிடைக்காத ஊரில் நம் மஞ்சள் பரங்கிக்காயே போதும். அமெரிக்காவில் டின்னில் அடைக்கும் டிக்கின்சன் வகையும் பரங்கியின் இனமான குக்குர்பிட்டா மொஸ்சாட்டாதான். துண்டு போட்டு ஆவியில் வேகவைத்து, மசித்து, துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தால் டின் மசியலின் கெட்டி வந்துவிடும். ஆலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய காயை எடுக்காதீர்கள். அது நீரும் நாருமாக இருக்கும், ருசி கிடையாது.

கசக்கிறது

கிராம்பு கூடிவிட்டது என்று முதலில் சந்தேகப்படுங்கள். 425 கிராம் மசியலுக்கு நான்கு கிராம்பு, தூளானால் கால் தேக்கரண்டியில் பாதி. அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துப்போகும், கசப்பும் கூடும். சிக்கரி கலந்த தூள் போடுபவர்கள் கிராம்பை இரண்டாகக் குறையுங்கள், சிக்கரியின் கசப்பும் கிராம்பின் கசப்பும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். விழுதை மட்டும் ஒரு துளி நக்கிப் பார்த்து அதில் கருகல் தெரிந்தால் அடிப்பிடித்த விழுது. அதைத் திருத்த வழியில்லை.

நுரை நிற்கவில்லை, கருவி அடைத்துக்கொண்டது

பாலில் விழுதைக் கலந்துவிட்டு நுரைக்காதீர்கள். நாரும் தூளும் நுரைக் குமிழ்களைக் கனமாக்கி உடைத்துவிடும். பாலைத் தனியாக 60 முதல் 65 டிகிரியில் நுரைத்து மேலே ஊற்றுங்கள், விழுது எப்போதும் காபிப் பக்கம்தான்.

நீராவிக் குழாயை விழுது கலந்த பாலில் இறக்கியிருந்தால், நுனித் துளைகளில் சர்க்கரை காய்ந்து ஒட்டியிருக்கும். உடனே ஈரத்துணியால் துடைத்து இரண்டு விநாடி ஆவியை வெறுமனே விடுங்கள். காய்ந்துவிட்டால் இயந்திரத்தை அணைத்து, குழாய் ஆறிய பின் நுனியை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துச் சிறு ஊசியால் துளைகளைக் குத்தி விடுங்கள்.

விழுதைக் காபித் தூளோடு கலந்து ஃபில்டரின் மேல் பாத்திரத்திலோ டிரிப் இயந்திரத்தின் கூடையிலோ போடவே கூடாது. டிகாக்‌ஷன் இறங்காது, துளை அடைத்துக்கொள்ளும். ஆவி அழுத்தத்தில் காபி இறக்கும் மோக்கா பாத்திரத்தில் போடுவது ஆபத்தும்கூட. தட்டு அடைத்தால் கீழே ஆவியின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

ஐஸ் காபியில் கலக்கவே மாட்டேன் என்கிறது

குளிரில் விழுது பரவாது, எவ்வளவு கலக்கினாலும். சூடான டிகாக்‌ஷன் 60 மி.லி.யில் முதலில் குழைத்து, அதை ஐஸ் மேல் ஊற்றிப் பிறகு குளிர்ந்த பால் சேர்த்தால் வேலை முடிந்தது.

குளிர்ந்த நீரிலேயே ஊறவைத்து இறக்கும் கோல்ட் ப்ரூ குடிப்பவர்களிடம் சூடான டிகாக்‌ஷன் இருக்காது. அவர்கள் விழுதைச் சிரப்பாக மாற்றி வைத்துக்கொள்ளட்டும்: விழுது 120 கிராம், தண்ணீர் 120 மி.லி., பழுப்புச் சர்க்கரை 50 கிராம், ஐந்து நிமிடம் சிறு கொதி, மெல்லிய துணியில் வடிகட்டல். ஒரு உயரமான கிளாஸுக்கு 2 மேசைக்கரண்டி. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

தித்திப்பு திகட்டுகிறது

விழுதிலேயே சர்க்கரை இருக்கிறது. காபிக்குத் தனியாகப் போடாதீர்கள்.

பாட்டிலில் புளித்த வாடை, மூடி உப்பல், பூஞ்சை

நக்கிப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். மேலே படிந்த பூஞ்சையை வழித்துவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்துவதும் கூடாது.

கடைப் பாட்டில் வெளியில் கெடாமல் இருப்பது தொழிற்சாலையில் புளிப்பை அளந்து கட்டுப்படுத்துவதால். அதைப் பார்த்து வீட்டு விழுதையும் ஊறுகாய் போலப் பாட்டிலில் அடைத்து, கொதிநீரில் வைத்து மூடி, அலமாரியில் அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பரங்கிக்காயின் புளிப்பு குறைவு, பி.எச். 4.6-க்கு மேல். அந்த நிலையில் காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி வளரலாம், அதற்கு வாடையோ நிறமாற்றமோ இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. விழுது கெட்டியாக இருப்பதால் நடுப்பகுதிக்குச் சூடு ஒரே அளவில் போய்ச் சேராது. அமெரிக்க வேளாண் துறை 1989-ல் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து மசித்த பரங்கிக்காயை வீட்டில் பாட்டிலில் அடைக்கும் முறையே கிடையாது. துண்டுகளைப் பாட்டிலில் அடைத்து, அதற்கென்று உள்ள அழுத்தக் கலனில் சூடாக்குவதற்கு மட்டும்தான் முறை உண்டு. எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு வீட்டுச் சமையலறையில் உத்தரவாதம் எதுவும் இல்லை.

வீட்டு விழுது ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் ஒரு வாரம். மீதியை ஐஸ் தட்டில் மேசைக்கரண்டி அளவாக ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், அடுத்த சில மாதங்களுக்குக் கவலையில்லை. ஒரு கட்டி, ஒரு காபி. உறைந்த கட்டியை நேரே கோப்பையில் போட்டு டிகாக்‌ஷன் ஊற்றினால் காபி ஆறிப்போகும் என்பதால், கட்டியோடு ஒரு கரண்டி டிகாக்‌ஷனைச் சேர்த்துச் சிறு பாத்திரத்தில் இளகவைத்துக்கொண்டு, அதன் மேல் மீதி டிகாக்‌ஷனை ஊற்றுங்கள்.